வெட்டாத மரம்

அன்றைக்குக் காலையில் முத்தம்மா அக்கா தானாக வந்து மங்களத்துக்குத் தலை சீவிவிட்டாள்.

அதில் தப்பு ஒன்றும் இல்லை. முத்தம்மா மங்களத்தின் புருஷன் பத்துமலையுடைய அண்ணன் மனைவி. ஒரே லயத்தில் அடுத்த வீடு. வெளியூர் கிளம்புகிற அன்று மூத்தவள் இளையவளுக்குப் பின்னல் போட்டுவிடுவது எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான். ஆனால் முத்தம்மா மூன்று வருடமாக யாருக்கும் எதையும் தானாகச் செய்ததில்லை. சோறாக்கச் சொன்னால் ஆக்குவாள். ரப்பர் பால்வெட்டுக்குப் போகச் சொன்னால் போவாள். மற்றவர்கள் சிரித்தால் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுத் தானும் சிரிப்பாள். அவளுடைய விரல்கள் இன்று மங்களத்தின் உச்சந்தலையில் எதையோ நிதானமாகத் தேடின. ஒரு கத்தை முடியைத் தனியாகப் பிரித்தன. அதற்கு மட்டும் எண்ணெயைத் தாராளமாக விட்டு முறுக்கி, பின்னலில் சேர்க்காமல் வெளியே விட்டன.

“அக்கா, ஒரு கத்தை வெளிய நிக்குது பாருங்க.”

“அது அப்படியே இருக்கட்டும்.”

குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. சீப்பை எடுக்க அவள் குனிந்தபோது, வகிடு முடிகிற இடத்தில் ஒரு காசு அகலத்துக்கு முடியே இல்லாமல் பளபளவென்று வழுக்கை தெரிந்தது. ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் இத்தனை வருடம் வாழ்ந்தும் மங்களம் அதைப் பார்த்ததில்லை.

லூமுட் பக்கம் போய்க் கடலைப் பார்த்துவிட்டு வரலாம் என்று பத்துமலை சொன்னதே பெரிய ஆச்சரியம். அது எழுபத்து மூன்றாம் ஆண்டு. பத்து காஜாவுக்கு வெளியே இருந்த அந்த ரப்பர் தோட்டத்தில் பிறந்து, அதே தோட்டத்தில் வாழ்க்கைப்பட்ட மங்களம் கடலைப் பார்த்ததே கிடையாது. தைப்பூசத்துக்கு ஈப்போ வரை போய்வந்ததுதான் அவள் கண்ட தூரம். அதுவும் போக, ஆண்பிள்ளை செத்துப்போன நாளிலிருந்து பத்துமலை அவளிடம் முகம் கொடுத்துப் பேசியதில்லை.

பிள்ளைக்குப் பேர்கூட வைத்திருக்கவில்லை. காய்ச்சல் வந்து உடம்பு அடுப்புக்கல்லாகக் கொதித்தது. தோட்டத்து லாரியின் சாவி அதை ஓட்டுகிற பத்துமலையின் கால்சட்டைப் பையில்தான் இருந்தது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றும் எட்டாத தூரமில்லை. அவன் சம்சு குடித்துவிட்டுக் குப்புறக் கிடந்தான். அவள் அவன் முதுகில் குத்தினாள், முகத்தில் தண்ணீரைக் கொட்டினாள். அவன் சாவி இருந்த பக்கமாகப் புரண்டு படுத்தான். விடிந்தபோது பிள்ளை குளிர்ந்திருந்தது.

அதற்குப் பிறகு மங்களம் பெரட்டுக் களத்தில் பேச ஆரம்பித்தாள். வேலைக்குப் பேர் கொடுக்க ஆட்கள் இருட்டில் வரிசையாக நிற்கிற நேரத்தில், வேலையை மேற்பார்க்கிற மண்டோர் பேர் கூப்பிட்டு முடித்ததும், இவள் வரிசையை விட்டு முன்னால் வருவாள். “எம் புள்ளையக் காய்ச்சல் கொல்லலை. சாவியை வச்சுக்கிட்டுத் தூங்குனவன் கொன்னான்,” என்பாள். அவ்வளவுதான். அழமாட்டாள். போய் உளியையும் வாளியையும் எடுத்துக்கொண்டு தன் மர நிரையைப் பார்க்கப் போய்விடுவாள். மறுநாளும் சொல்வாள். அடுத்த நாளும் சொல்வாள். மண்டோர் பத்துமலையைக் கூப்பிட்டு, “பொண்டாட்டிய அடக்குறியா, வீட்டைக் காலி பண்றியாலா?” என்று கேட்டுவிட்டான்.

அவளுக்குள் யாரோ இறங்கியிருக்கிறார்கள் என்று மாமியார் ராக்காயி லயம் முழுக்கச் சொன்னாள். முத்தம்மாவைப் பற்றியும் அவள் அப்படித்தான் சொன்னாள். முன்பெல்லாம் முத்தம்மா வாயைத் திறந்தால் பால் நிறுக்கிற கொட்டகையே அதிரும். எடையில் கை வைத்தால் மண்டோரின் அப்பனையும் பாட்டனையும் சேர்த்து இழுத்து நிறுத்திவிடுவாள். அவளை எங்கோ கூட்டிப்போய்ப் பேய் ஓட்டிக் கொண்டுவந்தார்கள். அன்றிலிருந்து சமத்து. அது பேய்தான் என்று மங்களமும் அப்போது நம்பினாள். அடுத்த வீட்டில் சத்தம் ஓய்ந்ததே என்று நிம்மதியாகக்கூட இருந்தது.

சாயபு கடை வேனை இரவல் வாங்கி பத்துமலையே ஓட்டினான். முன்னால் அவனுக்குப் பக்கத்தில் பூசாரி சன்னாசி உட்கார்ந்திருந்தார். பின்னால், நெத்திலிக் கருவாட்டு வாடை போகாத சாக்குகளின் மேல் ராக்காயி, முத்தம்மா, மங்களம். மங்களத்தின் மடியில் மகள் அஞ்சலை. நான்கு வயது. எந்நேரமும் அம்மாவின் முந்தானையைப் பிடித்துத் திருகிக்கொண்டே இருக்கிற பிள்ளை.

“பூசாரியண்ணே எதுக்கு வாராரு?” என்று மங்களம் கேட்டாள்.

“ஏன், நான் கடல் பாக்கக் கூடாதா?” சன்னாசி திரும்பாமலே சிரித்தார். “எங்கப்பன் கப்பல்ல வந்தப்பப் பாத்த கடல். இன்னும் அங்கதான் கெடக்கா, இல்ல இதையும் வித்துட்டானுங்களான்னு பாத்துட்டு வரலாமே.”

ராக்காயி விழுந்து விழுந்து சிரித்தாள். முத்தம்மா மாமியாரின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவளும் சிரித்தாள்.

போத்தா தாண்டி, சித்தியவான் தாண்டி வேன் போய்க்கொண்டே இருந்தது. சடக்கில் பள்ளம் வரும்போதெல்லாம் கால்மாட்டில் இருந்த சாக்குப் பைக்குள் இரும்பும் இரும்பும் தட்டிக்கொண்டன. கட்டுச்சோற்றுத் தூக்குச்சட்டியாக இருக்கும் என்று நினைத்தாள். தூக்குச்சட்டி ராக்காயியின் மடியில் இருந்தது.

கடல் வரப்போகிறது என்பதை வாடையே சொன்னது. காற்றில் உப்பு ஏறியது. உதட்டை நக்கினால் கரித்தது. அஞ்சலை எழுந்து நின்று, “எங்கம்மா, எங்கம்மா?” என்று எட்டி எட்டிப் பார்த்தாள். அப்போது வேன் கடல் பக்கம் திரும்பாமல் ஒரு செம்மண் பாதையில் இறங்கியது. பாதை முடிகிற இடத்தில் ஒரு பலகை. சன்னாசி இறங்கி அதைத் தடவிப் பார்த்தார். ஹூத்தான் சிம்பான் என்று எழுதியிருந்தது.

“அரசாங்கக் காடு,” என்றார் திருப்தியாக. “ஒரு மரத்தைத் தொட்டா செயிலு. வெள்ளைக்காரன் வர்றதுக்கு முன்னாலேருந்து நிக்குது. நாம போனப்புறமும் நிக்கும்.”

“உள்ள போயி நடந்தா அந்தப் பக்கம் கடல் தெரியும்,” என்றான் பத்துமலை. மங்களத்தின் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

ராக்காயி அஞ்சலையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். எல்லோரும் நடந்தார்கள்.

மங்களம் மரங்களுக்கு நடுவில் வளர்ந்தவள். ஆனால் அவளுக்குத் தெரிந்த மரங்கள் வரிசையில் நிற்பவை. ஒரே வயது, ஒரே உயரம், ஒவ்வொன்றின் மார்பிலும் அவளோ அவளைப் போன்றவர்களோ கீறிய சாய்வான கோடு. இங்கே நின்றவற்றுக்கு வரிசை கிடையாது. ஆறு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத அடிமரங்கள், ஆளுயரப் பலகைகளாக நாலாபக்கமும் இறங்கிய வேர்கள், அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்குமே தவிர முதல் கிளையைக் கண் எட்டாத உயரம். அதற்கு மேல் எங்கோ இலைகள் அடைத்துக்கொண்டு நின்றதால் உச்சிவெயில் நேரத்திலும் அடியில் விடிவதற்கு முன்னால் இருக்கிற பெரட்டுக் களத்து வெளிச்சம்தான் இருந்தது. காலடியில் மக்கிய இலை நொதநொதவென்று அமுங்கி, எடுத்த காலின் தடத்தை உடனே விழுங்கியது. பிசின் வாடை. ஈர நாய் வாடை. அவற்றுக்கு அடியில், வீட்டு வாடை ஒன்று. காய்ச்சிய தேங்காயெண்ணெய்.

தன் தலையில் வைத்ததுதான் என்று நினைத்தாள். ஆனால் அது முன்னாலிருந்து வந்தது.

கடல் மரங்களுக்குப் பின்னால் எங்கோ மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. சிள்வண்டுகளின் சத்தம் காதை அறுத்தது. திடீரென்று எல்லாம் ஒன்றாக நின்றன. அந்த அமைதியில் ஒரு பெண்குரல் கேட்டது.

“வராத புள்ள!”

மங்களம் நின்றுவிட்டாள். தெரிந்த குரல். கொட்டகையை அதிரவைத்த குரல். மூன்று வருடமாக யாரும் கேட்காத குரல். அவள் திரும்பிப் பார்த்தாள். முத்தம்மா இரண்டடி பின்னால் வந்துகொண்டிருந்தாள். வாய் மூடியிருந்தது.

“அக்கா, நீங்களா கூப்பிட்டீங்க?”

முத்தம்மா தலையை ஆட்டினாள். இல்லை.

“யாரு கூப்பிட்டா?” என்று ராக்காயி சன்னாசியைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். “பாத்தீங்களா, இடம் வந்ததும் தெரிஞ்சிருச்சு அதுக்கு.”

எல்லாவற்றிலும் பெரிய மரம் அங்கே நின்றது. மரத்தைப் பார்த்தால் எங்கே கீறலாம் என்று கை தானாகத் தேடுவது பால்வெட்டுக்காரியின் பழக்கம். அவள் கண் பட்டையில் இடம் தேடியது. தலை உயரத்தில் புடைப்பு புடைப்பாக இருந்தது. காயம்பட்ட இடத்தில் மரம் உதடு வளர்த்து மூடிக்கொள்கிற புடைப்பு. அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒவ்வோர் உதட்டுக்கும் நடுவில் துருப்பிடித்த ஆணித்தலை. ஒவ்வோர் ஆணியிலிருந்தும் முடி.

வெட்டிப்போட்ட முடியின் நீளம் இல்லை அது. இடுப்பு வரை தொங்கியது. சிலது தரையைத் தொட்டது. காற்றே இல்லாத இடத்தில் மெல்ல ஆடியது. எண்ணெய் பளபளத்தது.

சாக்குப் பையிலிருந்து பத்துமலை சுத்தியலை எடுத்தான். புது ஆணி ஒன்று. அடுத்து எடுத்தது அவளுடைய சொந்த உளி.

“தோட்டத்துக் கித்தா மரத்துல ஆணி அடிச்சு அடிச்சு என்னா பிரயோசனம்?” சன்னாசி கற்பூரத்தை ஏற்றியபடி பத்துமலைக்கு விளக்கிக்கொண்டிருந்தார். “மறுநடவுன்னு வந்து சாய்ச்சுர்றான். அடிச்சது பூரா அவுந்துக்கிட்டு வீடு வந்துரும். இங்க அந்தப் பயமே இல்ல.”

அவள் ஓடியிருப்பாள். கால்கள் தயாராகவே இருந்தன. ராக்காயி இரண்டடி பின்வாங்கி, அஞ்சலையை இறுக்கிப் பிடித்தாள்.

“புள்ளையோட வீட்டுக்கு வரணும்னா பேசாம உக்காரு,” என்றான் பத்துமலை.

உட்கார்ந்தாள். முத்தம்மா பின்னால் வந்து நின்று, பிரித்து விட்டிருந்த கத்தையைக் கையில் எடுத்தாள். குளிர்ந்த கை.

“நீ யாரு? பேரைச் சொல்லு,” என்று சன்னாசி பிரம்பை ஓங்கினார்.

“மங்களம்.”

பிரம்பு தோளில் இறங்கியது.

“ஏமாத்தாத. யாரு நீ?”

“மங்களம். இந்தாளு பொண்டாட்டி. அஞ்சலைக்கு அம்மா. செத்துப்போன புள்ளைக்கும் அம்மா.”

மறுபடி பிரம்பு. மறுபடி கேள்வி. கற்பூரப் புகை. அஞ்சலை வீறிட்டு அழுதாள். மரத்திலிருந்து முத்தம்மாவின் குரல் கெட்ட வார்த்தையில் எல்லோரையும் திட்டியது; யாரும் நிமிரவில்லை. அஞ்சலை மட்டும் அழுகையை நிறுத்திவிட்டு மரத்தை அண்ணாந்து பார்த்தாள்.

“போறேன்னு சொல்லு. சொன்னா விட்டுர்றேன்.”

‘சொல்லாத!’ என்றது மரம்.

மங்களம் யோசித்தாள். இவர்களுக்கு வேண்டியது ஒரு வார்த்தை. பேய் சொல்வதாக நினைத்துச் சந்தோஷப்படட்டும். சொல்லிவிட்டு எழுந்து, பிள்ளையை வாங்கிக்கொண்டு, கருவாட்டு வேனில் ஏறி வீட்டுக்குப் போய்விடலாம். நாளைக்கு விடிந்தால் பெரட்டுக் களம் அங்கேதானே இருக்கும்.

“போறேன்,” என்றாள்.

கத்தை இழுபட்டது. ஆணி. சுத்தியல்.

ஒரு அடி.

இன்னொன்று.

வலிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. உளி முடியை அறுத்த சத்தம் கீழே கேட்டது. கீழே. தனக்குக் கீழே.

அவள் பார்த்தாள். மரத்தடியில் ஒரு பெண் எழுந்து நின்றாள். நீலப் புடவை. காலையில் தான் கட்டிய அதே புடவை. ஒட்டிய இலையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். உச்சியில் கசிந்த ரத்தத்தை விரலால் தொட்டுப் பார்த்து, முந்தானையில் துடைத்தாள்.

“இப்ப சொல்லும்மா, நீ யாரு?”

“மங்களம்,” என்றாள் அந்தப் பெண். ஏற்றமும் இல்லை. இறக்கமும் இல்லை.

ராக்காயி கும்பிட்டாள். பத்துமலை முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். அந்தப் பெண் அவனைப் பார்த்தாள். பிறகு அவளும் சிரித்தாள். அஞ்சலையை வாங்கக் கை நீட்டினாள். பிள்ளை வரமாட்டேன் என்று உடம்பை வில்லாக வளைத்தது. முந்தானையைத் தொடவே இல்லை. தூக்கிக்கொண்டு போகிறவளின் தோளுக்கு மேலாக அது இங்கேயே பார்த்துக்கொண்டு போனது. மங்களம் கூப்பிட்டாள். மற்ற குரல்களும் கூப்பிட்டன. அதற்குள் சிள்வண்டுகள் கத்த ஆரம்பித்துவிட்டன.

மரத்துக்குள் நாள் என்று எதுவும் கிடையாது. அடியிலிருந்து ஈரம் ஏறுகிறது. மேலிருந்து ஏதோ இறங்குகிறது. பட்டை உதடு வளர்த்து ஆணியை மெல்ல மெல்லத் தின்கிறது. கடல் எப்போதும் மறுபக்கம் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறது; நடுவில் நிற்கிற மரங்கள் அதைக் காட்டுவதே இல்லை. முத்தம்மா அக்கா முதலில் திட்டினாள். பிறகு அழுதாள். பிறகு பால் எடையைப் பற்றி மட்டும் ஓயாமல் பேசினாள். அவளுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் பேச்சையே மறந்திருந்தார்கள். மங்களம் மறக்கவில்லை. அஞ்சலைக்கு என்ன வயதாகியிருக்கும், யார் தலை சீவிவிடுகிறார்கள், காய்ச்சல் வந்தால் சாவி யார் கையில் இருக்கும்? அவளிடம் இருந்தது இந்த நினைப்பு மட்டும்தான்.

பழைய பலகையை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று நட்டார்கள். பாதை போட்டார்கள், நிழலில் பெஞ்சி வைத்தார்கள். காடு இப்போது பூங்கா. சனி ஞாயிறுகளில் ஈப்போவிலிருந்து பஸ்ஸில் ஆட்கள் வந்தார்கள். மரத்தைக் கட்டிப்பிடித்து, பல் தெரியப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு சீனப்பெண் தொங்கிய முடியை ஏதோ கொடி என்று நினைத்துக் கையில் சுற்றிப் பார்த்தாள். விரலை மூக்கருகே கொண்டுபோனாள். முகம் மாறியது. மற்றவர்களை இழுத்துக்கொண்டு வேகமாக வெளியே போய்விட்டாள்.

பிறகு ஒரு நாள், பூங்காவில் வேறு யாரும் இல்லாத மழைக்கால மத்தியானத்தில், பழக்கப்பட்ட சாக்குப் பை ஒன்றின் இரும்புச் சத்தம் கேட்டது.

பத்துமலைக்கு முன்தலை நரைத்திருந்தது. சன்னாசி கோல் ஊன்றி வந்தார். ராக்காயி இல்லை. அவர்களுக்குப் பின்னால் நீலப் புடவைக்காரி, கொஞ்சம் சதை போட்டு, நிதானமாக நடந்து வந்தாள். அவள் பிடியில் பள்ளிக்கூடச் சட்டை போட்ட ஒரு பெண். வளர்ந்த பெண். பின்னலில் சேராமல் உச்சியில் ஒரு கத்தை, எண்ணெயில் முறுக்கி.

“எந்நேரமும் இதே பேச்சுத்தான் சாமி,” என்றான் பத்துமலை. “பள்ளிக்கூடத்துல, கடையில, கோயில்ல, எல்லார்கிட்டயும். ‘இது எங்கம்மா இல்ல, எங்கம்மா இல்ல’ன்னு. வெளிய தலைகாட்ட முடியல.”

“ஒரே வம்சம்லா,” என்றார் சன்னாசி. “அடிச்சுட்டா அடங்கிரும். நீ யாரு? பேரைச் சொல்லு.”

“அஞ்சலை.”

பிரம்பு.

“யாரு நீ?”

“அஞ்சலை. என்னை எவ்வளவு அடிச்சாலும் அதான் பேரு. இவதான் யாருன்னு தெரியல, இவளைக் கேளுங்க.”

நீலப் புடவைக்காரி சிரித்தாள்.

மங்களம் கத்தினாள். வேரிலிருந்து கத்தினாள். சொல்லாத. போறேன்னு மட்டும் சொல்லாத. ஓடிரு. ஓடிரு கண்ணு.

அஞ்சலை சட்டென்று நிமிர்ந்தாள். கேட்டுவிட்டது.

அந்த முகத்தில் பயம் இல்லை. நான்கு வயதில் கடல் எங்கே என்று எட்டிப் பார்த்த முகம்.

“அம்மா?”

இல்ல. வராத. வராத புள்ள.

“அம்மா! நீ இங்கயா இருக்க?”

பிடித்திருந்த கையை உதறிவிட்டு அவள் மரத்துக்கு ஓடி வந்தாள். தொங்கிய முடியைக் கண்டுபிடித்தாள். முந்தானையைத் திருகுவதுபோல விரலில் திருகிக்கொண்டாள். கன்னத்தைப் பட்டையில் வைத்து, இன்னும் நன்றாகக் கேட்க, காதை அழுத்தினாள்.

“போறேன்,” என்றாள். யாரும் சொல்லச் சொல்லவில்லை. “நான் எங்கம்மாகிட்டயே போறேன்.”

சன்னாசி தலையாட்டினார். பத்துமலை சுத்தியலை எடுத்தான். மங்களத்தின் ஆணிக்குப் பக்கத்தில், பட்டையில், கட்டை விரலால் ஓர் இடம் பார்த்தான்.

தன் வாயைப் பொத்திக்கொள்ள மங்களத்துக்குக் கை இல்லை. கை கீழே இருந்தது. ஆணி வழுக்கிவிடாதபடி, மகளின் உச்சிக் கத்தையை நேராக இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது.